பேரம் பேசாமல் போனவள்

எங்கள் தெருவில் பதினேழு கடைகள். பதினேழிலும் பேரம் உண்டு. செருப்புக் கடைக்கும் கடிகாரக் கடைக்கும் நடுவில் செருகி வைத்ததுபோல ஒரு பெட்டி, பைக் கடை இருக்கிறதே, பள்ளிப் பையும் பயணப் பையும் வாசல்வரை தொங்குமே, அது என்னுடையது. நான் பேசக் கற்றதே அந்தக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துதான். 'அம்மா'வுக்கு அடுத்தபடியாக என் வாயில் வந்த சொல் 'கட்டுப்படியாகாது' என்பதை எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவன் பிள்ளை வளர்த்தால் எப்படி வளர்ப்பான்? பேரம் பேசித்தான் வளர்ப்பான்.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் பெரியவள் என்போம். நடுவில் பத்து வயதுப் பையன். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவன் வக்கீல். கடைசிப் பெண்ணுக்கு நான்கு வயது, வாண்டு. மூன்றில் பேரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவள் வாண்டுதான். அவளிடம் கெஞ்சலும் செல்லாது, மிரட்டலும் செல்லாது. 'பல் தேய்க்கிறாயா?' என்று கேட்டால் 'மாட்டேன்' தயாராக இருக்கும். தப்பு அவள் மேல் இல்லை, கேட்டவன் மேல். 'பை வேண்டுமா, வேண்டாமா?' என்று எந்தக் கடைக்காரனாவது கேட்பானா? 'கறுப்பா, நீலமா?' என்றுதானே கேட்பான்.

"சிவப்பு பிரஷ்ஷா, பச்சை பிரஷ்ஷா?"

"பச்சை. ஆனா நீயும் என்கூடத் தேய்க்கணும்."

"நான் அப்பவே தேச்சுட்டேனே."

"அப்ப நான் நாளைக்குத் தேச்சுக்கிறேன்."

நான் இரண்டாம் முறை பல் தேய்த்தேன். ஈறுக்கு நல்லதுதானாம்.

வக்கீலிடம் இந்த வித்தை எடுபடாது. கறுப்பா நீலமா என்றால், 'ஏன் ரெண்டுதான் இருக்கு?' என்பான். பத்து வயதில் பிள்ளைக்குப் பொருளைவிடக் காரணம்தான் வேண்டியிருக்கிறது. வீட்டுப்பாடம் முடித்துவிட்டுத்தான் விளையாட வேண்டும் என்றேன். ஏன் என்றான். "நான் சொல்றேன்ல" என்றேன். "அது காரணம் இல்லப்பா, சத்தம்" என்றான். பிறகு உட்கார்ந்து பேசினோம். அரை மணி ஆட்டம், பிறகு பாடம், மீதி ஆட்டம். அவனே ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினான். இன்றுவரை மீறவில்லை. தானே வாதாடி வாங்கிய நிபந்தனையை மீறினால் தன் வாதமே தோற்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

என் மனைவிக்கு இந்த வியாபாரம் பிடிக்காது. அவள் மருந்துக் கடையில் மருந்தாளர். அங்கே அட்டையில் அச்சடித்த விலைதான். இருமல் மருந்தில் இரண்டு மூடி சேர்த்து ஊற்றுங்கள் என்று யாரும் அவளைக் கேட்பதில்லை.

"இங்க பாருங்க," என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள், "கார்ல பெல்ட் போடறது, ரோட்டுல கையப் புடிக்கறது, மருந்து குடிக்கறது, நேரத்துக்குத் தூங்கறது, யாரும் யாரையும் அடிக்கக் கூடாதுங்கறது, இதெல்லாம் அச்சடிச்ச விலை. இதுல பேரம் கெடையாது. மத்ததெல்லாம் உங்க பிள்ளைங்க, உங்க தொண்டை."

அந்த ஐந்தில் வாண்டுகூட அவளிடம் வாய் திறப்பதில்லை. முதலில் எனக்கு அது தலைகுனிவாக இருந்தது. போகப் போக லாபமாகத் தெரிந்தது. ஐந்து சண்டை மிச்சம் அல்லவா?

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. பேரம் படிந்தால் வாங்குபவரும் விற்பவரும் கையில் கை தட்டிக்கொள்வார்கள். கையடித்துவிட்டால் அவ்வளவுதான். அடுத்த நிமிடம் ஒருவர் ஓடிவந்து இரண்டு மடங்கு தருகிறேன் என்றாலும் விலை மாறாது. தெருக்கோடியில் ஒரு குடைக் கடைக்காரர் இருந்தார். ஒரு நாள் கையடித்த பிறகு மழை வலுத்தது. வலுத்ததும் விலையை ஏற்றிவிட்டார். இப்போது அந்த இடத்தில் சாவி செய்கிறார்கள். இந்தக் கதையை என் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதே சொல்லி வளர்த்திருக்கிறேன். வீட்டிலும் எது படிந்தாலும் கையடிதான்.

இப்படி நடந்த வீட்டில்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

பெரியவள் ஒரு தாளோடு வந்து நின்றாள். "அப்பா, வெளியூர்ல வாலிபால் போட்டி. மூணு நாள். டீச்சர் ரெண்டு பேர் கூட வர்றாங்க. சனிக்கிழமை காலைல பஸ். வியாழக்கிழமைக்குள்ள கையெழுத்து வேணும்."

"முடியாது" என்றேன்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. என் வாயில் 'முடியாது' என்பது 'வாங்க வாங்க' என்பது மாதிரி. முதலில் சொல்லும் விலையை நானே நம்புவதில்லை. அவள் ஏன் என்று கேட்பாள், தூரம் என்பேன், டீச்சர் வருகிறார்கள் என்பாள், தினமும் ஆறு முறை போன் பண்ணு என்பேன், ஒரு முறை என்பாள், மூன்றில் படியும், கையடிப்போம், கையெழுத்துப் போடுவேன். இவ்வளவும் மனதுக்குள் கோத்து வைத்துக்கொண்டுதான் 'முடியாது' என்றேன். பேனாவைக்கூடச் சட்டைப் பையிலிருந்து பாதி எடுத்துவிட்டேன்.

"சரிப்பா" என்றாள். தாளை மடித்தாள். போய்விட்டாள்.

முதல் ஐந்து நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது. "பாத்தியா, பொண்ணுன்னா இப்படி இருக்கணும். ஒரே சொல்லு" என்று மனைவியிடம் சொல்லி மீசையைத் தடவினேன்.

ஆறாவது நிமிடம், பாதி எடுத்த பேனாவைத் திரும்பச் செருகும்போதுதான் உறைத்தது.

எங்கள் தொழிலில் கத்துகிற ஆள் நல்ல வாடிக்கை. 'கொள்ளை அடிக்கிறீங்களே' என்று திட்டி, வாசல்வரை போய், திரும்பி வந்து, பையைத் தலைகீழாக உதறிப் பார்க்கிறவர் வாங்கத்தான் வந்திருக்கிறார். பயப்பட வேண்டியது இன்னொருவருக்கு. வாய்க்கு வந்த விலையைச் சொல்கிறோம். அவர் மெதுவாக 'சரிங்க' என்று சொல்லி, பையை எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போகிறார் பாருங்கள், அவர் இனி வரமாட்டார்.

மறுநாள் கடிகாரக் கடை அக்காவிடம் சொன்னேன். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஒரு கடிகாரத்தின் குடலை உருவிக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தைகூடப் பேசலையா?"

"சரிப்பான்னு போயிட்டாக்கா."

"அப்ப வேற கடை பாத்துட்டா."

"அப்பாவுக்கு ஏதுக்கா வேற கடை?"

கண்ணாடியைக் கழற்றாமலே நிமிர்ந்தார். அந்தக் கண் மட்டும் ஆரஞ்சு அளவுக்கு இருந்தது. "கையெழுத்துக்கு அம்மா இருக்கா. பொலம்பறதுக்குத் தோழி இருக்கா. அதுவும் வேணாம்னா எதையும் யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டுப் போறா. அதுதான் தம்பி பெரிய கடை. உள்ள போனா வெளிய வர நாளாகும்."

கடைக்குத் திரும்பி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால், அவள் கடைசியாக எதற்குப் பேரம் பேசினாள்? முடி வெட்டிக்கொண்டபோது கேட்கவில்லை, அம்மாவோடு போய் வந்தாள். செல்போன் நேரத்தைக் குறைத்தபோது வாய் திறக்கவில்லை. போன மாதம் தட்டில் வைத்த பாகற்காயை வழக்கமாக எட்டுத் துண்டிலிருந்து மூன்றுக்கு இறக்குகிறவள், எட்டையும் தின்றுவிட்டுப் போனாள். நான் அதை ஒழுக்கம் என்று நினைத்து ஊரெல்லாம் சொன்னேன். கடை காலியாகிக் கிடப்பதைப் பார்த்து, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று மெச்சிக்கொண்டவன் மாதிரி.

அன்று சாயங்காலமே அவள் அறை வாசலில் நின்றேன். முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"முடியாதுன்னு சொன்னேன்ல, அது கடைசி விலை இல்ல."

"பரவால்லப்பா."

"ரெண்டு நாள்னா யோசிக்கலாம்."

"போட்டி மூணு நாள்ப்பா."

"அதைத்தான் சொல்றேன்! நீ மூணுன்னு அடிச்சுப் பேசணும்."

"வேணாம்ப்பா. வரலைன்னு டீச்சர்கிட்ட சொல்லிடறேன்." பந்தை எடுத்துக்கொண்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனாள், மரப்பெட்டியைச் சுற்றிக்கொண்டு போவதுபோல.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "கையெழுத்தைப் போட்டுக் குடுத்தா முடிஞ்சுது. இதுக்கு ஏன் இவ்வளவு நாடகம்?"

"கேக்காதவகிட்ட நானா எப்படி எறங்கறது?"

"கௌரவத்தை மடிச்சு உங்க பெட்டி ஒண்ணுல வெச்சுப் பூட்டுங்க. நான் போடறேன் கையெழுத்து."

"அய்யய்யோ, வேணாம்!" என்று கத்திவிட்டேன். அவள் போட்டால் பெண் போட்டிக்குப் போய்விடுவாள். ஆனால் என்னிடம் திரும்பி வரமாட்டாள். எனக்கு வேண்டியது அந்தத் தாள் இல்லை. அவள் வாயிலிருந்து ஒரு 'ஏன்'. ஒரு 'கட்டுப்படியாகாதுப்பா'. மனைவிக்கு இதைச் சொல்ல வராமல் கையைக் காலை ஆட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தாலும் மருந்தாளர் மருந்தாளர்தான்.

"வியாழக்கிழமை காலைல எட்டு மணி. அதுக்குள்ள நீங்க போடலைன்னா நான் போடுவேன். அச்சடிச்ச விலை."

புதன்கிழமை தரகர் வைத்துப் பார்த்தேன். வக்கீலைக் கூப்பிட்டு, அக்கா மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். வாண்டு தரையில் படுத்து ஒரு நாற்காலிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். அது அனுமதிக்கப்பட்ட நாற்காலி. அதற்கும் ஒரு பேரம் நடந்திருக்கிறது.

"அது அவ ரகசியம். சொல்ல மாட்டேன்" என்றான் வக்கீல்.

"அரை மணி ஆட்டத்தை முக்கால் மணி ஆக்கறேன்."

"ரகசியத்துக்கு வெலை இல்லப்பா." கொஞ்சம் யோசித்தான். "ஆனா வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு இருக்கு. உங்களைத் தவிர. அது ரகசியத்துல வராது."

"என்னடா?"

"நீங்க கையடிச்சதை மாத்துனீங்க."

"நானா? எப்போ?"

"நாலு மாசம் முன்னாடி. அக்கா தோழி பொறந்தநாள். ரெண்டு நாள் பேரம் பேசினா. ஒரு வாரம் பாத்திரம் கழுவறேன், போனை ஆஃப் பண்ண மாட்டேன்னு எல்லாம் சொல்லி, எட்டு மணிக்குத் திரும்பி வரலாம்னு படிஞ்சுது. கையடிச்சீங்க. பாத்திரமும் கழுவிட்டா. அன்னைக்கு ஷூ மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறப்ப ஏழு மணிக்கே வந்துடுன்னீங்க."

நினைவுக்கு வந்தது. அன்று கடையில் ஒரு கிராக்கியும் இல்லை. வானமும் மூட்டமாக இருந்தது. எரிச்சலில் வாயில் வந்தது.

"எட்டுன்னு கையடிச்சோமேப்பான்னு கேட்டா. நான் அப்பா, மாத்துவேன்னு சொன்னீங்க. அவ ஆறே முக்காலுக்கே வந்துட்டா. அப்பறம் உங்ககிட்ட எதுக்கும் பேசறதில்ல. நானும் வாண்டும்தான் பேசிட்டிருக்கோம்."

வாண்டு பிரஷ்ஷை நாற்காலியிலிருந்து எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பா, நீதான் அந்தக் குடைக் கடைக்காரரா?"

பதினேழு கடைக்கும் நடுவில் நிற்க வைத்து யாராவது என் சட்டையைக் கழற்றியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது. முகம் தெரியாதவர்களிடம் இருபது வருடமாகக் காப்பாற்றிய சொல்லை என் வீட்டு வாசலில், என் பெண்ணிடம் உடைத்திருக்கிறேன். அதுவும் பாத்திரமெல்லாம் கழுவி வாங்கிக்கொண்ட பிறகு.

வியாழன் காலை ஏழரை மணிக்குக் கதவைத் தட்டினேன். பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். நாலு மாசம் முன்னாடி எட்டுன்னு கையடிச்சுட்டு ஏழுன்னு மாத்தினேன். அது தப்பு. கடையில யார்கிட்டயும் அப்படிப் பண்ணினதில்ல. உன்கிட்டப் பண்ணிட்டேன்."

பின்னல் பாதியில் நின்றது. கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாள்.

"தாளைக் குடு."

கொடுத்தாள். கையெழுத்துப் போட்டேன். விலை சொல்லாமல் ஒரு பொருளைக் கொடுப்பது என் வாழ்நாளில் அதுதான் முதல் முறை.

"நிபந்தனை?" என்றாள்.

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தாள். "சும்மா குடுத்தா சரக்குல ஓட்டை இருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க."

"நல்லா தேடிப் பாரு."

தேடவில்லை. பின்னலைக் கையில் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினாள். "அப்ப நான் ஒரு நிபந்தனை போடறேன். பஸ் நிக்கற எடத்துக்கு நீங்க வரக் கூடாது. தெரு முனை வெரைக்கும்தான்."

எனக்குள் பதினேழு கடையும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தன.

"பஸ் வாசல் வெரைக்கும்" என்றேன்.

"முனை."

"பாதி தூரம்."

"முனைப்பா. போன வருஷம் டீச்சர் முன்னாடி பஸ் டயரைத் தட்டித் தட்டிப் பாத்தீங்க."

"நல்ல டயர்னுதானே சொன்னேன்?"

"அதைத்தான் மூணு மாசம் சொல்லிச் சிரிச்சாங்க."

"சரி, முனை. ஆனா ஒரு நாளைக்கு ஆறு போன்."

"ஒண்ணு."

"நாலு."

"ஒண்ணு. கூட ஒரு மெசேஜ்."

"ரெண்டு மெசேஜ்."

"கட்டுப்படியாகாதுப்பா."

இன்னும் அரை மணி இழுத்திருப்பேன். மனைவி சமையலறையிலிருந்து "மணி ஏழு ஐம்பத்தெட்டு" என்று குரல் கொடுத்தாள். கையை நீட்டினேன். பெரியவள் என் உள்ளங்கையை ஒரு கணம் பார்த்தாள்.

"மாத்த மாட்டீங்களே?"

"மழை பெஞ்சாலும்."

தட்டினாள். லேசாகத்தான். புதுக் கடையில் முதல் தடவை சின்னப் பர்ஸ் ஒன்று வாங்கிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

சனிக்கிழமை காலை தெரு முனை விளக்குக் கம்பத்தடியில் வாண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அறுபது அடி தள்ளிப் பேருந்து. கடையிலிருந்து சக்கரம் வைத்த புதுப் பெட்டி எடுத்துக்கொள் என்று கெஞ்சியும் பெரியவள் தன் பழைய பையைத்தான் தூக்கிக்கொண்டு போனாள். அங்கேதான் வந்தது வினை. பேருந்தருகே பையை இறக்கினாள். மூடிய ஜிப், அதை இழுக்கும் ரன்னர் தளர்ந்து, பின்னாலேயே வாயைப் பிளந்தது. ஒரு சாக்ஸ் வெளியே தொங்கியது. மற்றவர்களுக்கு அது சாக்ஸ். எனக்கு நெஞ்சு. ரன்னரை இரண்டு பக்கமும் குறடால் ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், மூன்று நாள் தாங்கும். குறடு எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். கை தானாக அதை எடுத்துவிட்டது.

சொல்லி வைத்ததுபோல மழை தூறியது.

"போப்பா. அக்கா சாக்ஸ் நனையுது."

"போகக் கூடாது. கையடிச்சிருக்கேன்."

வாண்டு யோசித்தாள். "நான் அடிக்கலையே. குறடை என்கிட்டக் குடு."

அபாரமான ஓட்டை. ஒரு கணம் குறடு அவள் கைப்பக்கம் போனதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரோட்டில் கையை விடக் கூடாது என்பது அச்சடித்த விலை. அது போக, அது குடைக் கடைக்காரர் புத்தி. குறடை இழுத்துக்கொண்டேன். மழை காதுக்குப் பின்னால் இறங்கி முதுகில் ஓடியது. கம்பத்தை விட்டு ஒரு விரல்கூட நகரவில்லை.

பெரியவள் ஜிப்போடு மல்லுக்கட்டிவிட்டு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். நனைந்த தலை, நீட்டிய குறடு, இடுப்பில் ஒரு வாண்டு. அவள் சிரிப்பதை அடக்கிக்கொண்டது அறுபது அடியிலிருந்தே தெரிந்தது. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். ஒரு நிமிடம்.

நான் மூன்று விரல் காட்டினேன்.

தலையை ஆட்டினாள். ஒரு விரல்.

இரண்டு காட்டினேன். விரலை இறக்கப் போனாள். அவசரமாக ஒன்றாக்கிக்கொண்டு வாண்டோடு ஓடினேன்.

ரன்னரை அமுக்கினேன். இழுத்தேன். ஜிப் வாயை மூடிக்கொண்டது. இரண்டு டீச்சர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேருந்தின் பின் டயர் என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தட்டவில்லை. பார்த்தேன், தட்டவில்லை.

"டைம் முடிஞ்சுது" என்றாள் பெரியவள். பையைத் தோளில் போட்டுக்கொண்டவள், படியில் கால் வைக்குமுன் நின்றாள். "திங்கக்கிழமை திரும்பி வர்றப்ப பஸ் வாசல் வெரைக்கும் வரலாம். வாண்டை மட்டும் கூட்டிட்டு வாங்க. வக்கீல் வேணாம், டீச்சரைக் கேள்வி கேட்டே கொன்னுடுவான்."

"முடியாது" என்றேன். வாய்ப் பழக்கம். சொன்ன பிறகுதான் திக்கென்றது.

"முடியும்ப்பா," என்றாள் அவள், கண்ணில் அசல் கடைத்தெருக் களையோடு. "சரி, வக்கீலும் வரட்டும். ஆனா மூணு கேள்விதான்."

"அஞ்சு."

"நாலு. டயரைத் தொடக் கூடாது."

கையை நீட்டினாள். இந்த முறை விழுந்த அடியின் சத்தத்தில் ஓட்டுநரே திரும்பிப் பார்த்தார்.